தொள்ளாயிரத்து நாற்பது அடி

எங்கள் தொழிலில், எழுதப் படிக்கத் தெரிந்து
போர் வண்டியோடு போகிறவனுக்குப் பெயர் மேனேஜர்.
டீசல் கணக்கு, அடிக் கணக்கு,
ஆறு பேருக்குச் சோறு,
பிட் தேய்ந்தால் பழி.
எட்டு வருடமாக நான் மேனேஜர்.
இப்போது மேனேஜர் ஆவதற்குப் படிக்க
இடம் கிடைத்திருக்கிறது.

இரண்டு வருடம்.
இருபத்திநாலு லட்சத்து அறுபதாயிரம்.
இன்று ராத்திரி பன்னிரண்டுக்குள்
முன்பணம் கட்டாவிட்டால்
அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

நேர்காணலில் மூன்று பேர்.
ஒருவர், "தோற்றுப்போன வேலை ஒன்று சொல்லுங்கள்" என்றார்.
கரூர் தாண்டி ஒரு காட்டில்
அறுநூற்று நாற்பது அடியில் ஹேமர் மாட்டிக்கொண்டதையும்
மூன்று நாள் இழுத்துப் பார்த்துவிட்டு
அங்கேயே விட்டு வந்ததையும் சொன்னேன்.
"அதில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?"
யோசித்தேன்.
"ஹேமர் விலை."
சிரித்தார்கள்.
அதற்காகத்தான் இடம் கொடுத்தார்களோ என்னவோ.

முத்தூர்ப் பக்கம்,
கிளுவை வேலிக்குள் கொறங்காட்டு ஓரம்
மத்தியானம் நிறுத்திய வண்டி.
கம்ப்ரஸர் இரைச்சலில்
யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதி.
டீசல் நோட்டின் பின்னட்டையில் வகுத்துப் பார்த்தேன்:
அடிக்கு நூற்றுப்பத்து என்றால்
என் படிப்பு இருபத்திரண்டு போர்,
ஒவ்வொன்றும் ஆயிரம் அடி.
அதில் எத்தனையில் தண்ணீர் என்பது
வகுத்தலில் வரவில்லை.

கிருத்திகா நேற்றே சொல்லிவிட்டாள்:
"கட்டுனாலும் செரி, கட்டாட்டியும் செரி.
உன்னையக் கேட்டுத்தான் செஞ்சேன்னு
பொறவு என்ற மேல போடாத."
திருச்செங்கோட்டிலிருந்து அர்த்தநாரி அண்ணன்:
"படிச்சுப்போட்டு வந்து
என்ற வண்டியத்தானடா கணக்குப் பாப்ப?"
பாதி கேலி. மீதி என்னவென்று
அவருக்கே தெரிந்திருக்காது.

அறுநூறில் ஒரு கேப் விழுந்தது, அரை இஞ்சு ஈரம்.
எழுநூறில் அதுவும் போச்சு.
அப்புறம் வெறும் வெள்ளைப் பொடி,
லைட் வெளிச்சத்தில் மாவு மில்லு போல.
தொள்ளாயிரத்து நாற்பதில்
துளசிமணியக்கா கையைக் காட்டி
இன்ஜினைத் தணிக்கச் சொன்னார்.
"ஏனுங்க மேனேஜர், இன்னும் ஒரு நூறு போலாங்களா?"

நிறுத்தச் சொல்லி நாங்களாகச் சொல்வதில்லை.
அது தொழில் விதி. ஆழம் போகப் போக
அடிக்கு ரேட் ஏறும்.
பொடியை உள்ளங்கையில் வாங்கிக் கசக்கினேன்.
சூடு. ஒட்டவில்லை.
"வேண்டாமுங்க. நிறுத்திக்கலாம்."

அழுவார் என்று நினைத்தேன்.
"செரி, ராடக் கழட்டுங்க.
விடியக்காலம் நாலு மணிக்குப் பால் கறக்கோணும்."
குழியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்
செல்லை நீட்டி, பணம் போட்டு,
வந்துருச்சான்னு பாருங்க என்று நின்றார்.
ஒரு மூச்சில் முடிந்துவிட்டது அவருக்கு.
எனக்குப் பொறாமை.
அவர் காட்டுக்குப் பொடி இருந்தது கையில்.
என்னுடையதற்கு
எதைக் கசக்கிப் பார்ப்பது?

நாற்பத்தேழு ராடு, ஒவ்வொன்றாக மேலே வந்தது.
சுக்தேவ் எண்ணிக்கொண்டிருந்தான் அவன் பாஷையில்.
பதினொன்று நாற்பதுக்கு
வங்கியிலிருந்து ஆறு எண் வந்தது.
நாலு எண் அடித்திருப்பேன்,
"மேனேஜர், மூடி!" என்று கத்தினான்.
வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான்,
சாயங்காலம் முழுக்க வண்டியைச் சுற்றியே ஓடினவன்.
போய் மூடியை வைத்து, போல்ட் நாலையும் இறுக்கி,
மேலே ஏறி நின்று மிதித்தும் பார்த்தேன்.

திரும்பி எடுத்தால் நேரம் முடிந்துவிட்டதாம்.
கீழே நீலத்தில்: மறுபடி அனுப்பு.

அழுத்தினேன்.
டவர் ஒரு கட்டைதான் இருந்தது.
செல்லை வாயில் கவ்விக்கொண்டு
வண்டி மாஸ்ட்டில் ஏறினேன்,
ஏணியின் பாதி தாண்டி,
முத்தூர் விளக்கு தெரிகிற வரைக்கும்.